எதை நிறுத்தினால் எது நிற்கும்? சி.எம்.டி.பி. ஒரு முதல் பாடம்



இந்த வாரப் பாட்காஸ்ட்டில் சேஞ்ச் மேனேஜ்மென்ட் பற்றிப் பேசினோம். நடுவில் "சி.எம்.டி.பி.யைப் பார்த்துட்டுத்தான் ஓகே சொல்லுவாங்க" என்று ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கிற பாடம்தான் இந்த மடல். காதால் கேட்பதைவிட, படித்துவிட்டு ஒரு தாளில் கட்டம் போட்டு, கோடு இழுத்துப் பார்த்தால் சீக்கிரம் பிடிபடுகிற விஷயம் இது.

சர்வீஸ் டெஸ்க்கில் முதல் வேலைக்குச் சேர்ந்தவர்கள், பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டில் இருப்பவர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். அலுவலகத்தில் எந்தச் சொல்லால் சொல்கிறார்களோ அதே சொல்லையே வைத்திருக்கிறேன். நாளைக்கு ஒரு மீட்டிங்கில் காதில் விழும்போது அடையாளம் தெரியணும் இல்லையா?

ஒரே ஒரு கேள்வி

ஒரு நிறுவனத்தில் சில ஆயிரம் சர்வர்கள், நூற்றுக்கணக்கான மென்பொருள்கள். ஒருத்தர் வந்து, "இந்த டேட்டாபேஸ் சர்வரை ராத்திரி அரை மணி நேரம் நிறுத்தி பேட்ச் போடப் போறேன்" என்கிறார். உடனே எழ வேண்டிய கேள்வி: "இதை நிறுத்தினா வேற எதெல்லாம் நிக்கும்?"

பெரும்பாலான இடங்களில் இதற்கான பதில் யாரோ ஒருவருடைய தலைக்குள் இருக்கும். பதினைந்து வருஷமாக அங்கேயே இருப்பவர், எல்லாம் தெரிந்தவர். அவர் லீவு போட்டு ஊருக்குப் போய்விட்டால்? ஓய்வு பெற்றுவிட்டால்? அந்தப் பதிலைத் தலையிலிருந்து எடுத்து, எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைப்பதுதான் கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட் டேட்டாபேஸ். சுருக்கமாக சி.எம்.டி.பி.

நான் கான்ட்ராக்டர். சில மாதங்களுக்கு ஒருமுறை புது இடம், புது மனிதர்கள், யாருக்குமே முழுசாகத் தெரியாத பழைய சிஸ்டங்கள். ஒரு இடத்தின் சி.எம்.டி.பி.யை அரை மணி நேரம் புரட்டினால் அந்த நிறுவனம் எப்படி நடக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இந்த எண்ணம் புதியதல்ல. 1980களில் பிரிட்டிஷ் அரசின் மத்திய கணினி, தொலைத்தொடர்பு முகமை, அரசு அலுவலகங்களில் ஐ.டி. சேவைகளை எப்படி நடத்துவது என்று வழிகாட்டிப் புத்தகங்களாக வெளியிட்டது. அதுதான் ஐ.டி.ஐ.எல். 2019இல் வந்த ஐ.டி.ஐ.எல். 4இல் இந்த வேலைக்குப் பெயர் 'சர்வீஸ் கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட்'.

உள்ளே என்ன இருக்கும்?

மூன்று விஷயம்தான்.

முதலாவது, கான்ஃபிகரேஷன் ஐட்டம். பேச்சில் சி.ஐ. என்பார்கள். ஒரு சேவையைக் கொடுக்க நாம் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டிய எதுவும் சி.ஐ. சர்வர், டேட்டாபேஸ், நெட்வொர்க் ஸ்விட்ச் மட்டுமில்லை, ஒரு டி.எல்.எஸ். சான்றிதழும் சி.ஐ. ஆகலாம், வெளி நிறுவனத்தின் பேமென்ட் கேட்வேயும் ஆகலாம். அந்தச் சேவையே ஒரு சி.ஐ.

இரண்டாவது, அதன் விவரங்கள். பெயர், வெர்ஷன், எங்கே இருக்கிறது, உற்பத்திச் சூழலா சோதனைச் சூழலா, பொறுப்பாளர் யார், இப்போது ஓடுகிறதா ஓய்வு கொடுத்தாச்சா.

மூன்றாவது, உறவுகள். உயிரே இங்கேதான் இருக்கிறது. உறவு இல்லாத சி.எம்.டி.பி. வெறும் சாமான் பட்டியல்.

இங்கே நிறையப் பேர் குழம்புகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: அசெட் வேறு, சி.ஐ. வேறு. "என்ன விலை, யார் பெயரில் இருக்கு, வாரண்டி எப்போ முடியுது" என்று கேட்பது அசெட் மேனேஜ்மென்ட். "இது நின்னா எது நிக்கும்" என்று கேட்பது கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட். ஒரே சர்வர் இரண்டு பட்டியலிலும் இருக்கும். ஆனால் கிடங்கில் பெட்டியோடு கிடக்கிற நூறு மானிட்டர்கள் அசெட் மட்டுமே. காசு கொடுக்காமல் இறக்கிக்கொண்ட ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு விலை இல்லை, அசெட் கணக்கில் பெரும்பாலும் வராது. ஆனால் உங்கள் முக்கியமான சேவை அதன் மேல் நின்றால் அது கட்டாயம் சி.ஐ. ஆகணும்.

அங்கிள் என்றால் எந்த அங்கிள்?

உறவுகள் என்று சொன்னேன் அல்லவா, இதைப் புரிந்துகொள்ள நம் வீட்டுப் பேச்சே போதும். அம்மாவின் அண்ணனும் அங்கிள், அப்பாவின் அண்ணனும் அங்கிள். ஆங்கிலத்தில் அதோடு முடிந்தது. தமிழில் ஒருவர் மாமா, இன்னொருவர் பெரியப்பா. மாமா மகன் உங்களுக்கு மச்சான், பெரியப்பா மகன் அண்ணனோ தம்பியோ. கல்யாண வீட்டில் யார் எங்கே நிற்கணும், யார் என்ன செய்யணும் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லிலிருந்தே வருகிறது.

சி.எம்.டி.பி.யிலும் அப்படித்தான். இரண்டு சி.ஐ.க்களுக்கு நடுவே "இணைக்கப்பட்டிருக்கிறது" என்று மட்டும் எழுதினால் அது அங்கிள் மாதிரி, ஒன்றும் தெரியாது. "இதன் மேல் ஓடுகிறது", "இதைச் சார்ந்திருக்கிறது", "இதற்கு பேக்கப் அனுப்புகிறது" என்று எழுதினால் என்ன நடக்கும் என்று கணிக்கலாம். டேட்டாபேஸ் போனால் அதைச் சார்ந்த வலைச்செயலி உடனே போகும். பேக்கப் அனுப்புகிற இடம் போனால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது; ஆனால் இன்னொரு நாள் வேறொன்று உடையும்போது திரும்ப எடுக்க எதுவும் இருக்காது.

உறவுக்குத் திசையும் உண்டு. வலைச்செயலி டேட்டாபேஸைச் சார்ந்திருக்கிறது. செயலி விழுந்தால் டேட்டாபேஸ் விழாது. டேட்டாபேஸ் விழுந்தால் செயலி விழும். அம்புக்குறியைத் திருப்பிப் போட்டுவிட்டால் மொத்தக் கணக்கும் தப்பு.

ஒரு உதாரணம்: கவுன்சிலின் பார்க்கிங் பெர்மிட்

இங்கிலாந்தில் ஒரு ஊர் கவுன்சில் என்று வைத்துக்கொள்வோம். 'பார்க்கிங் பெர்மிட் புதுப்பித்தல்' ஒரு சேவை. அதற்குக் கீழே ஒரு வலைச்செயலி. அது இரண்டு சர்வர்களில் ஓடுகிறது, முன்னால் ஒரு லோடு பேலன்ஸர். இரண்டு சர்வர்களும் ஒரே டேட்டாபேஸைச் சார்ந்தவை. டேட்டாபேஸுக்குக் கீழே ஸ்டோரேஜ். பக்கவாட்டில் பேமென்ட் கேட்வே, முகவரி தேடும் சேவை, டி.எல்.எஸ். சான்றிதழ்.

படம் போட்டுப் பாருங்க. இரண்டு சர்வர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கும். ஆனால் இரண்டு கோடும் போய்ச் சேருவது ஒரே டேட்டாபேஸில். ஒற்றைக் கால் பந்தல்! இதைக் கண்டுபிடிக்கத்தான் மேலிருந்து கீழே இறங்குவது.

இப்போது கீழிருந்து மேலே ஏறலாம். ஜனவரி 15 ராத்திரி அந்த டேட்டாபேஸ் சர்வரை நிறுத்த ஒருவர் சேஞ்ச் ரிக்வெஸ்ட் போடுகிறார். பார்க்கிங் டீமைக் கேட்டாச்சு, அவர்கள் சரி என்றார்கள். ஆனால் சி.எம்.டி.பி.யில் அந்த டேட்டாபேஸின் மேல் இன்னொரு அம்புக்குறி இருக்கிறது: 'பள்ளிச் சேர்க்கை விண்ணப்பம்'. இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜனவரி 15. நாலு வயசுப் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, கடைசி நேரத்தில் படிவத்தைத் திறக்கிற பெற்றோர் எத்தனை பேர் இருப்பார்கள்?

கடைசித் தேதி சி.எம்.டி.பி.யில் எழுதியிருக்காது. "இந்த இன்னொரு சேவையும் இதன் மேல் நிற்கிறது, அதன் பொறுப்பாளர் இவர்" என்பது எழுதியிருக்கும். அந்த மனிதரைக் கேட்டால் அவர் தேதியைச் சொல்வார். யாரைக் கேட்க வேண்டும் என்று காட்டுவதுதான் சி.எம்.டி.பி.யின் பாதி வேலை.

மற்ற இடங்களிலும் இதே படம்தான் உதவும். காலை ஒன்பது மணிக்கு சர்வீஸ் டெஸ்க்குக்கு மூன்று டிக்கெட் வருகிறது: பெர்மிட் பக்கம் மெதுவாக இருக்கிறது, நூலகத் தேடல் வேலை செய்யவில்லை, ஊழியர் லீவு படிவம் திறக்கவில்லை. மூன்று டீம், மூன்று தனித்தனி விசாரணை. மூன்றும் ஒரே ஸ்டோரேஜின் மேல் நிற்பது தெரிந்தால் ஒரே விசாரணை. அதேபோல், ஆறு மாதத்தில் ஐந்து தடவை வெவ்வேறு கட்டடங்களில் நெட்வொர்க் போயிருக்கிறது. ஐந்திலும் அதே மாடல் ஸ்விட்ச், அதே மென்பொருள் வெர்ஷன் என்று தெரிந்தால் அது ஐந்து இன்சிடென்ட் அல்ல, ஒரு ப்ராப்ளம்.

ஈக்விஃபாக்ஸ்: எங்கே ஓடுகிறது என்றே தெரியாமல்

இதெல்லாம் ஒழுங்காக இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2017இல் அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸுக்கு நடந்ததைப் பார்ப்போம். எல்லாம் விசாரணை அறிக்கைகளில் இருப்பதுதான்.

2017 மார்ச் 7ஆம் தேதி, அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் ஒரு மோசமான ஓட்டை இருப்பது வெளியானது. அதை அடைக்கும் பேட்ச்சும் கிடைத்தது. மறுநாள் அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்புப் பிரிவு எச்சரிக்கை அனுப்பியது. மார்ச் 9ஆம் தேதி ஈக்விஃபாக்ஸுக்குள்ளேயே, 48 மணி நேரத்தில் பேட்ச் போடுங்கள் என்று நானூறுக்கும் மேற்பட்டோருக்கு மின்னஞ்சல் போனது.

இதுவரைக்கும் எல்லாம் சரிதானே? ஆனால் அந்த மின்னஞ்சல் பட்டியல் பழையது. பேட்ச் போட வேண்டியவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. சில நாளில் ஓட்டையைத் தேடி ஸ்கேன் ஓட்டினார்கள், அதிலும் அகப்படவில்லை. நுகர்வோர் தங்கள் கடன் விவரத்தில் இருக்கும் தவறுகளை முறையிடும் ஒரு பழைய சிஸ்டத்தில் ஸ்ட்ரட்ஸ் ஓடிக்கொண்டே இருந்தது. அதன் வேர் 1970களுக்குப் போகிறது. மே 13 அன்று திருடர்கள் அதன் வழியாக உள்ளே வந்தார்கள். அங்கிருந்து அதற்குத் தொடர்பில்லாத 48 டேட்டாபேஸ்கள் வரை போனார்கள்.

ஏன் யாரும் பார்க்கவில்லை? போகிற வருகிற தரவைக் கண்காணிக்கும் கருவி ஒன்று இருந்தது. அதற்கான சான்றிதழ் பல மாதங்களுக்கு முன்பே காலாவதியாகியிருந்தது. ஜூலை 29 அன்று புதுச் சான்றிதழ் போட்டதும், சந்தேகத்துக்குரிய போக்குவரத்து உடனே கண்ணில் பட்டது. அதற்குள் சுமார் 14.7 கோடி அமெரிக்கர்களின் விவரங்கள் போய்விட்டன.

நிறுவனத்திடம் முழுமையான ஐ.டி. சொத்துப் பட்டியல் இல்லை என்று அதன் சொந்தத் தணிக்கையே 2015இல் சொல்லியிருந்தது. பேட்ச் இருந்தது, உத்தரவும் போனது. "ஸ்ட்ரட்ஸ் நம்மிடம் எங்கெல்லாம் ஓடுகிறது, அதற்கு யார் பொறுப்பு?" என்ற கேள்விக்குத்தான் முழுப் பதில் இல்லை.

பிரிட்டனில் இருக்கிறவர்கள் இந்தப் பகுதியைக் கவனியுங்க. சுமார் 1.38 கோடி பிரிட்டிஷ் நுகர்வோரின் தரவும் இதில் அடக்கம். பிரிட்டிஷ் நிறுவனம் தன் தரவை அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் சர்வர்களில் வைத்து வேலை வாங்கியிருந்தது. பிரிட்டிஷ் தரவு போனது அதற்குத் தெரிந்தது, அமெரிக்காவில் கண்டுபிடித்து ஆறு வாரத்துக்குப் பிறகு, பொது அறிவிப்புக்குச் சுமார் ஐந்து நிமிடம் முன்னால்! 2018இல் தகவல் ஆணையர் அலுவலகம் 5 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. பழைய சட்டத்தில் அதுதான் உச்சவரம்பு. 2023இல் நிதி நடத்தை ஆணையம் 1.1 கோடி பவுண்டுக்கும் மேல் போட்டது. "நம் வாடிக்கையாளரின் தரவு இந்தச் சர்வரில் இருக்கிறது" என்பதும் ஒரு உறவுதான். அந்தக் கோடு கடல் தாண்டிப் போகும்போது அதை எழுதி வைப்பது இன்னும் முக்கியம்.

ஒரு சி.எம்.டி.பி. இருந்திருந்தால் எல்லாம் தடுக்கப்பட்டிருக்கும் என்று நான் சொல்லவில்லை. தேட வேண்டிய இடம் தெரிந்திருக்கும், ஃபோன் போட வேண்டிய ஆள் தெரிந்திருக்கும். அந்த இரண்டு மாதத்தில் அது பெரிய விஷயம்.

அதன் எல்லையையும் தெரிஞ்சுக்கணும். 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஷெல் ஓட்டை வெளிவந்தபோது, சி.எம்.டி.பி. வைத்திருந்தவர்களும் திணறினார்கள். லாக்ஃபோர்ஜே என்பது ஜாவா மென்பொருள்களுக்குள் பொதிந்திருக்கும் ஒரு சின்ன லைப்ரரி. "இந்தச் செயலி இந்தச் சர்வரில் ஓடுது" என்று சி.எம்.டி.பி. சொல்லும்; செயலியின் வயிற்றுக்குள் என்னென்ன லைப்ரரி என்று சாதாரணமாகச் சொல்லாது. அதற்குத்தான் எஸ்.பாம் எனப்படும் மென்பொருள் உட்பொருள் பட்டியல். மசாலா பாக்கெட்டின் பின்னால் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று அச்சடித்திருக்குமே, அது மாதிரி. இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் பதில்.

நல்ல சி.எம்.டி.பி. ஏன் கெட்டுப்போகிறது?

பழைய ஆட்களிடம் கேட்டுப் பாருங்க, "எங்க சி.எம்.டி.பி.யை யாரும் நம்பறதில்லை" என்று சிரிப்பார்கள். காரணங்கள் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கையால் நிரப்புவது முதல் காரணம். தொடங்கும்போது எல்லோரும் ஆர்வமாக டைப் செய்வார்கள், மூன்றாவது மாதம் நின்றுவிடும். அதனால்தான் டிஸ்கவரி கருவிகள். அவை நெட்வொர்க்கில் சுற்றி வந்து என்னென்ன இருக்கிறது, எதில் என்ன ஓடுகிறது என்று தாமாகவே எழுதும். ஆனால் டிஸ்கவரிக்கு எத்தனை ஜி.பி. மெமரி என்று தெரியும். இதற்குப் பொறுப்பாளர் யார், இது போனால் எந்தச் சேவைக்கு வலிக்கும் என்பதை மனிதர்கள்தான் சொல்லணும்.

இரண்டாவது, ஒரே பொருள் மூன்று பெயரில் வருவது. டிஸ்கவரி ஒரு சர்வரை அதன் ஹோஸ்ட்நேமால் பதிகிறது, மானிட்டரிங் கருவி ஐ.பி. முகவரியால், கொள்முதல் பிரிவு சீரியல் நம்பரால். இப்போது ஒரு சர்வர் மூன்று சர்வர். இதைச் சேர்த்துவைக்கும் வேலைக்கு ரீகன்சிலியேஷன் என்று பெயர். எந்த விவரத்துக்கு யார் சொல்வது செல்லும் என்று முதலிலேயே முடிவு செய்யணும்: மெமரி அளவுக்கு டிஸ்கவரி சொல்வது, வாங்கிய தேதிக்குக் கொள்முதல் சொல்வது, பொறுப்பாளருக்கு அந்த டீம் சொல்வது.

மூன்றாவது, பேராசை. எல்லாவற்றையும் பதிவு செய்யணும் என்று ஒரு சி.ஐ.க்கு எண்பது கட்டங்கள் வைப்பார்கள். யாரும் நிரப்ப மாட்டார்கள். நான் பார்க்கிற சோதனை சுலபம்: இந்த விவரத்தை வைத்து யார் என்ன முடிவு எடுக்கப் போறாங்க? பதில் இல்லையென்றால் அந்தக் கட்டம் வேண்டாம்.

நான்காவது, கிளவுட். கூட்டம் வந்தால் தானாகப் பெருகி, போனால் தானாக மறைகிற சர்வர்களை ஒவ்வொன்றாகப் பதிவது வீண். அந்தக் குழுவை ஒரு சி.ஐ.யாக வையுங்கள். எந்தச் சேவைக்கு, யார் பொறுப்பு என்பதை டேக் மூலம் கட்டாயமாக்குங்கள்.

பொறுப்பாளர் இல்லாத சி.ஐ. என்ன ஆகும் என்பதற்கு, நான் வேலை செய்த ஒரு இடத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். யாருடையது என்றே தெரியாத ஒரு சர்வர். ஏதோ செய்துகொண்டிருந்தது, என்ன என்று தெரியாது. நிறுத்த எல்லோருக்கும் பயம். பேய் வீடு மாதிரி யாரும் கிட்டப் போகவில்லை. ஆனால் வருஷா வருஷம் லைசன்ஸ் பணம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது, பாதுகாப்பு பேட்ச்சும் யாரும் போடவில்லை. இந்த மாதிரி நேரத்தில் சிலர் செய்வதற்கு ஸ்க்ரீம் டெஸ்ட் என்று பெயர்: இணைப்பைத் துண்டித்துவிட்டு யார் கத்துகிறார்கள் என்று பார்ப்பது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். கத்துவது மருத்துவமனை வார்டாகவோ சம்பளப் பிரிவாகவோ இருந்தால் சிரிப்பு வராது.

சரி, கெடாமல் இருக்க என்ன வழி? கல்யாணப் பத்திரிகை அனுப்புகிற லிஸ்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வீடு மாறியவர்கள், காலமானவர்கள், புதிதாகக் கல்யாணமாகித் தனியாகப் போனவர்கள் என்று அது மாறிக்கொண்டே இருக்கும். திரும்பி வந்த பத்திரிகையைப் பார்த்து அன்றைக்கே முகவரியைத் திருத்துகிற வீட்டில்தான் லிஸ்ட் சரியாக இருக்கும். சி.எம்.டி.பி.யும் பயன்படுத்தும்போதுதான் திருந்தும். ஒவ்வொரு சேஞ்ச்சும் முடியும்போது, சி.ஐ. பதிவைத் திருத்தாமல் டிக்கெட்டை மூட முடியாது என்று வைத்தால் பாதி வியாதி போய்விடும்.

வீட்டுப் பாடம்: உங்க ஊர் தமிழ்ப் பள்ளி

படித்தால் மட்டும் வராது. உங்களில் பலர் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள், சிலர் இப்போது அங்கே உதவி செய்கிறவர்கள். அந்தப் பள்ளிக்கு ஒரு குட்டி சி.எம்.டி.பி. போடுவோம். ஸ்ப்ரெட்ஷீட் போதும்.

1. முதலில் சேவைகளை எழுதுங்க, பொருள்களை அல்ல. மாணவர் சேர்க்கைப் படிவம், பெற்றோருக்கு மின்னஞ்சல், இணையதளம். மூன்று போதும்.

2. ஒவ்வொன்றுக்கும் "எது இல்லாட்டி இது நடக்காது?" என்று கேளுங்க. டொமைன் பெயர், அதைப் பதிந்த கணக்கு, ஹோஸ்டிங், சான்றிதழ், மின்னஞ்சல் கணக்கு, பணம் கட்டும் அட்டை, இரண்டாம் கட்டக் குறியீடு வருகிற கைப்பேசி.

3. ஒவ்வொரு சி.ஐ.க்கும் ஐந்து விவரம் மட்டும்: பெயர், என்ன வகை, எங்கே, எப்போது காலாவதி, பொறுப்பாளர். பொறுப்பாளர் கட்டத்தில் 'நிர்வாகக் குழு' என்று எழுதக் கூடாது. ஒரு ஆளின் பெயர் வேணும்.

4. இன்னொரு தாளில் உறவுகள். மூன்று பத்தி: எது, என்ன உறவு, எதோடு. 'இணையதளம், சார்ந்திருக்கிறது, டொமைன்.' 'மின்னஞ்சல், சார்ந்திருக்கிறது, டொமைன்.' 'டொமைன், நிர்வகிக்கப்படுகிறது, பதிவுக் கணக்கு.' இப்படி.

5. இப்போது ஒரு சி.ஐ.யைக் கையால் மறைத்துக்கொண்டு, எது எது விழும் என்று சொல்லிப் பாருங்க. சொன்னது சரியா என்று பள்ளிக்கூடத்து ஆட்களிடம் கேளுங்க.

ஐந்தாவது படியில் ஒரு ஆச்சரியம் காத்திருக்கும். டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு எந்த முகவரிக்குப் போகிறது? பெரும்பாலும் பள்ளியின் சொந்த மின்னஞ்சலுக்கு. அந்த மின்னஞ்சல் எதைச் சார்ந்திருக்கிறது? அதே டொமைனை. டொமைன் காலாவதியானால் மின்னஞ்சல் நிற்கும். பதிவுக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றும் இணைப்பும் அந்த மின்னஞ்சலுக்கே வரும். கைப்பேசிக் குறியீடோ, நான்கு வருஷத்துக்கு முன்னால் பொருளாளராக இருந்த அங்கிளின் ஃபோனுக்குப் போகும். அவர் இப்போது வேறு ஊரில்.

சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. பெரிய நிறுவனங்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுக்க நின்றபோது, அதைச் சரிசெய்ய வேண்டிய பொறியாளர்களின் உள்கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்ததால் சேர்ந்தே நின்றன. கோடு போட்டுப் பார்த்தால் சுற்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் தீர்வு எளிது: பதிவுக் கணக்குக்கு வேறு டொமைனில் இருக்கும் மின்னஞ்சல், இரண்டு பொறுப்பாளர்கள், அவ்வளவுதான்.

இரண்டு எச்சரிக்கை. பாஸ்வேர்டை இந்தத் தாளில் எழுதவே கூடாது, அதற்குப் பாஸ்வேர்டு மேனேஜர் இருக்கிறது. இந்தத் தாளை எல்லோருக்கும் திறந்தும் வைக்காதீங்க. எது எதைச் சார்ந்தது என்று உங்களுக்குக் காட்டுகிற படம், எங்கே அடித்தால் விழும் என்று திருடனுக்கும் காட்டும்.

இதைப் பெரிய அளவில் செய்து பார்க்க ஆசையா? ஐடாப், ஜி.எல்.பி.ஐ. இரண்டும் ஓப்பன் சோர்ஸ், உங்கள் கணினியிலேயே நிறுவலாம். சர்வீஸ்நவ் நிறுவனம் பழகுவதற்கு டெவலப்பர் இன்ஸ்டன்ஸ் இலவசமாகவே தருகிறது. வேலை தேடுகிறவர்கள் அதைக் கட்டாயம் தொட்டுப் பாருங்க.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்

முதலில், சி.எம்.டி.பி.யில் உங்கள் சொந்த லேப்டாப்பைத் தேடுங்க. உங்கள் பெயரில் இருக்கிறதா, முன்னால் இருந்தவர் பெயரில் இருக்கிறதா? அந்த ஒரு பதிவே நிறையச் சொல்லும்.

அடுத்து, நிறுவனத்தின் முக்கியமான ஒரு சேவையை எடுத்து அதன் வரைபடத்தைத் திறங்க. கடைசியாக எப்போது, யார் சரிபார்த்தது என்று பாருங்க. தெரியாவிட்டால் கேளுங்க. புதிதாக வந்தவர் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். ஒரு வருஷம் கழித்துக் கேட்டால்தான் "இதுகூடத் தெரியாதா" என்பார்கள்.

கடைசியாக, டிக்கெட்டில் சி.ஐ. கட்டம் ஒன்று இருக்கும். அவசரத்தில் எல்லோரும் 'மற்றவை' என்று தேர்ந்தெடுத்துவிட்டுப் போவார்கள். நீங்க அப்படிச் செய்யாதீங்க. அரை நிமிஷம் கூடுதலாகச் செலவழித்துச் சரியான சி.ஐ.யைத் தேடிப் போடுங்க; இல்லாவிட்டால், இல்லை என்று உரிய ஆளுக்குச் சொல்லுங்க. அந்த ஐந்து ஸ்விட்ச் கதையை ஆறு மாதம் கழித்து ஒருவர் கண்டுபிடிக்க முடிவது, உங்களைப் போல யாரோ ஒருவர் அன்றைக்கு அந்தக் கட்டத்தை ஒழுங்காக நிரப்பியதால்தான். ஜூனியர் வேலை என்று நினைப்பார்கள், ஆனால் மேலே இருக்கிற எல்லாக் கணக்கும் அதன் மேல்தான் நிற்கிறது.

தமிழ்ப் பள்ளிப் பாடத்தைச் செய்து பார்த்தவர்கள், உங்களை ஆச்சரியப்படுத்திய ஒரே ஒரு உறவுக்கோட்டை இந்த மடலுக்குப் பதிலாக எழுதி அனுப்புங்க. பள்ளியின் பெயர் வேண்டாம், கோடு மட்டும் போதும். நல்லவற்றை அடுத்த வாரம் ஒலிப்பதிவில் பேசலாம். அதற்குள், டொமைன் எப்போது காலாவதி என்று மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்க.